துடுப்புக்காரி

படி ஏறிக்கொண்டிருக்கும்போதே, தான் அடிவாங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

நின்றாள். அவளுடைய குரல்தான். விலாவில் உதை விழுந்தால் வரும் அந்த "ஹக்". அடுத்து, தூக்கி எறியப்படும்போது போட்ட நீளமான அலறல்.

சத்தம் அவள் வீட்டிலிருந்துதான் வந்தது.

குரல் கொடுப்பது அவள் தொழில். ஜப்பான்காரர்கள் செய்த சண்டை வீடியோ விளையாட்டு ஒன்றின் இரண்டாம் பாகம் இரண்டு வருடத்துக்கு முன் வந்து சக்கைப்போடு போட்டது. சும்மா இருப்பார்களா? அதே பாகத்தில் ஐந்து புது ஆட்களைச் சேர்த்து விரிவாக்கப் பதிப்பு என்று போன மாதம் இறக்கிவிட்டார்கள். ஐவரில் ஒருத்தி, படகுத் துடுப்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிற பெண். நம் மொழியில் அந்தத் துடுப்புக்காரிக்கு இவள் குரல்.

பேச்சு என்று பார்த்தால் நாலே வரி. மற்றதெல்லாம் அடிவாங்குவதுதான். லேசான அடி, பலத்த அடி, தண்ணீரில் விழுவது, நெருப்பு சுடுவது என்று ஒரு வாரம் முழுக்க, வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு ஒலிப்பதிவு அறையில் கத்தினாள். வீட்டுக்கு வந்தால் தொண்டை கட்டிப்போய் சைகைதான்.

அந்த வாரம் மாமியார் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"கத்துறதுக்கா சம்பளம் தர்றாங்க?"

மாமியார் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்பது விசாரிப்பா, குத்தலா என்று அந்த வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, சாப்பிட்டியா, கதவைச் சாத்து என்பதைத் தாண்டி இவளிடம் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை.

தன்னை அவருக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, தெரிந்தால் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். கணவனிடம் கேட்டால், பெற்ற பிள்ளை எனக்கே தெரியவில்லை என்று கையை விரித்தான்.

இன்று ஒலிப்பதிவுக் கருவி மக்கர் பண்ணியதால் மதியமே திரும்பிவிட்டாள். கணவன் வேலையில் இருப்பான். வீட்டில் மாமியாரைத் தவிர யாரும் இருக்க நியாயமில்லை.

உள்ளே மாமியாரின் குரல் கேட்டது.

"விடாத. அடி. இன்னும் ஒண்ணு போடு."

சொல்லி வாய் மூடவில்லை, துடுப்புக்காரி அலறினாள்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டாம் பாகம் வந்தபோது அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காதவர், மருமகள் குரல் வந்த பிறகு விளையாட உட்கார்ந்திருக்கிறார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே குடத்தை விட்டுவிட்டு மருமகளையே உடைக்கிறார்.

மறுபடி ஓர் அலறல். துடுப்புக்காரி பதிலுக்கு ஓர் அடிகூடக் கொடுத்த மாதிரி தெரியவில்லை.

அலறல் நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று மனதின் ஒரு மூலை மெச்சிக்கொண்டது. மற்ற மூலைகளெல்லாம் அழுதன.

இனிமேல் பொறுப்பதில்லை. முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மீதிப் படிகளைச் சத்தமில்லாமல் ஏறினாள். கதவு காற்றுக்காகப் பாதி திறந்திருந்தது.

உள்ளே இரண்டு பேர். மாமியாரும் எதிர்வீட்டு அம்மாவும் வாசலுக்கு முதுகைக் காட்டியபடி டிவிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு ரிமோட்.

திரையில் மலை மாதிரி ஒரு மல்யுத்தக்காரன் துடுப்புக்காரியைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் குத்திக்கொண்டிருந்தான். மாமியாரின் விரல்கள் எல்லாப் பொத்தான்களையும் ஒன்றாகப் போட்டு அமுக்கின. மல்யுத்தக்காரன் அதைச் சட்டை செய்யவில்லை.

எப்படிச் செய்வான்? அவனை ஆட்டிக்கொண்டிருந்தது எதிர்வீட்டு அம்மா.

மாமியார் அமுக்க அமுக்க, அடிபட்டுக் கிடந்த துடுப்புக்காரிதான் ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தாள். எழுந்தாள். உடனே விழுந்தாள். ஆட்டம் முடிந்தது.

"டீச்சர், ஒரு மாசமா தோத்துக்கிட்டே இருக்கீங்க," என்றார் எதிர்வீட்டு அம்மா. "ஒரே ஒரு தடவை இந்தத் தடியனை எடுத்துப் பாருங்களேன். நான் வேற ஆளை வெச்சுக்கறேன்."

மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணு இருக்கும்போது ஊரான் பிள்ளை எனக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டு, நிதானமாகத் தேடி, துடுப்புக்காரியின் படத்தையே மறுபடி தேர்ந்தெடுத்தார்.

மருமகள் உள்ளே போகவில்லை. மேல்படியில் அப்படியே உட்கார்ந்து, எங்கே சிரித்துவிடுவோமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அடுத்த ஆட்டம் தொடங்கியது. முதல் அடி துடுப்புக்காரிக்குத்தான் விழுந்தது.

விழட்டும் என்று இருந்தது அவளுக்கு.