குடத்து மோதிரம்

மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே குடத்துக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கிடக்கிற மோதிரம் யார் கைக்குச் சிக்குகிறதோ அவர் பேச்சுதான் குடும்பத்தில் எடுபடும் என்பது சடங்கு. முதல் தடவை மாப்பிள்ளை எடுத்தான், இரண்டாவது பெண் எடுத்தாள். மூன்றாவது தடவை போன கைகள் மேலே வரக் காணோம். மோதிரத்தைத் தேடுகிறார்களா, இல்லை அந்தச் சாக்கில் வேறு ஏதாவதா என்று ஒரு சித்தி கேட்க, மண்டபமே சிரித்தது.

பெண்ணைப் பெற்ற கொத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. குடத்தின் அடியில் ஓட்டை விழுந்து, மோதிரம் அப்படியே பூமிக்குள் போய்விட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் அது பித்தளை.

இரண்டு பவுனில் அசல் மோதிரம் ஒன்று இருக்கத்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் சாரம் சரிந்து கொத்தனார் காலை உடைத்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரி அதை விழுங்கி ஏப்பம் விட்டது. தேதி குறித்த கல்யாணத்தைத் தள்ளிப்போட வழியில்லை. மோதிரம் இல்லை என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லத் தைரியமில்லை. ஃபேன்ஸி ஸ்டோரில் முலாம் பூசியதாக ஒன்றை வாங்கிவிட்டார். ஒரு வருஷம் பளபளத்தால் போதும், அதற்குள் அசலைச் செய்து மாற்றிவிடலாம். வீட்டில் மனைவிக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது.

மாப்பிள்ளை மோதிரத்தோடு கையை உயர்த்தினான். ஜெயித்த மோதிரத்தை விரலில் போட்டுக்கொள்ளப் போனவனை, அவன் அம்மா நிறுத்திக் கையை நீட்டினார்.

அந்தம்மா வெங்காய மண்டி நடத்துகிறவர். எதையும் உள்ளங்கையில் ஏந்தியே எடை சொல்லிவிடுவார். மார்க்கெட்டில் அவருக்குத் தராசு என்றே பெயர். மோதிரத்தை ஒரு தடவை தூக்கிப் போட்டுப் பிடித்தார். இன்னொரு தடவை பிடித்தார்.

"சம்பந்தி, இது ரெண்டு பவுனா?"

"ரெண்டேதான்மா."

"இவ்வளவு நேரம் தண்ணியில ஊறியும் இப்படி லேசா இருக்கே."

சிரிப்பு அடங்கியது. மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

கொத்தனார் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். எங்கள் மாமாவைத் திருடன் என்கிறீர்களா, தாராளமாக உரசிப் பாருங்கள், பித்தளையாக இருந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றார். கொத்தனார் அந்த மீசையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

தராசு இதற்குத் தயாராகவே வந்திருந்தார். அந்த வீட்டுக்கு மூன்று தலைமுறையாக நகை செய்கிற பத்தர் முன்வரிசையில் இருந்தார். அவர் பைக்குள் உரைகல்லும் திராவகப் புட்டியும் இருந்தன. கல்யாண வீட்டில் இதெல்லாம் எதற்கு, நாளைக்குக் கடையில் வைத்துப் பார்க்கலாமே என்று பத்தர் இழுத்தார். தராசு விடவில்லை.

"நல்லதுன்னா நான் வாயை மூடிக்கிறேன். பித்தளைன்னா, அசல் வர்ற அன்னிக்குப் பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தா போதும்."

மணையில் இருந்த மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கல்லைப் பார்த்தார்.

பத்தர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்தார். எதிரே குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கொத்தனார் ஒருத்தர்தான். மோதிரத்தைக் கல்லில் இழுத்ததும் மஞ்சளாக ஒரு கோடு விழுந்தது. பத்தர் அதன்மேல் ஒரு சொட்டு விட்டார். கோடு பச்சையாக நுரைத்து, கொத்தனாரின் கண்ணெதிரிலேயே கரைந்து காணாமல் போனது.

பத்தர் நிமிர்ந்தார். நாலு கண்ணும் சந்தித்தன. கொத்தனாருக்கு ஒட்டவைத்த கால் மறுபடி உடைந்த மாதிரி இருந்தது.

பத்தர் துண்டால் கல்லை அழுத்தித் துடைத்தார்.

"தங்கம்தாம்மா. இருபத்திரண்டு கேரட். காலமெல்லாம் மூட்டை தூக்குன கைக்கு மோதிரம் லேசாத்தான் தெரியும்."

தராசின் கையைத் தப்பு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் தங்க விஷயத்தில் பத்தர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. மோதிரம் மாப்பிள்ளையின் விரலுக்குப் போயிற்று. மச்சான் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார். மேளக்காரர் சப்பென்று போன முகத்தோடு குச்சியை எடுத்தார்.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் கொத்தனார் பத்தரைப் பிடித்துவிட்டார். ஈரக் கை இரண்டையும் பற்றிக்கொண்டு குழறினார். ஒரு வருஷத்தில் தங்கத்தோடு உங்கள் கடைக்கே வருவேன், என் மகளை வாழ வைத்த தெய்வம் நீங்கள் என்றார். பத்தர் கையை உருவிக்கொண்டு, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"தெய்வமும் இல்ல, ஒண்ணும் இல்ல மேஸ்திரி. நான் பித்தளைன்னு சொல்லியிருந்தா உங்க மச்சான் சும்மா இருந்திருப்பாரா? மாப்பிள்ளை வீட்டுல போட்ட தாலிக்கொடியையும் உரசுன்னு மல்லுக்கு நின்னிருப்பாரு."

பத்தர் வாய் கொப்பளித்துத் துப்பினார்.

"அதைச் செய்யச் சொல்லி அந்தம்மா குடுத்த அஞ்சு பவுன் என் மக கழுத்துல இருக்கு. உங்க மக கழுத்துல இருக்கிறது உங்க மோதிரத்துக்கு ஜோடி."