நாற்பது முழம்

அண்ணன் தம்பி பாகத் தகராறில் எல்லை குறிக்க வந்திருந்தார் சர்வேயர். வேலியிலிருந்து நாற்பது முழம் அண்ணனுக்கு என்றது பழைய பத்திரம். முழத்துக்கு நாற்பத்தாறு சென்டிமீட்டர் என்று பெருக்கி, பதினெட்டு மீட்டர் நாற்பதில் முளை அடித்தார்.

"என் முழம் அம்பது வரும் சார்," என்ற அண்ணன், கையாலேயே அளந்து காட்ட வேலியோரம் குனிந்தான்.

"கை இருந்தாத்தானேடா அளப்ப?" என்று தம்பி அரிவாளை வீசினான். முழங்கைக்கு மேல் விழுந்தது வெட்டு. சர்வேயர் முகமெல்லாம் ரத்தம் தெறித்தது. தம்பி தன் வீட்டுக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டான். அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். துண்டான கையை எவ்வளவு தேடியும் காணவில்லை.

போலீஸ் வந்த பிறகுதான் சர்வேயர் அதைப் பார்த்தார். வேலியிலிருந்து ஈர மண்ணில், முழங்கை முதல் விரல்நுனி வரை அழுந்திய தடங்கள் வரிசையாகப் போயின. தொழில் புத்தி விடவில்லை. டேப்பை வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் சரியாக ஐம்பது. எண்ணிக்கொண்டே நடந்தார். நாற்பதில் அவை நிற்கவில்லை. ஐம்பத்திரண்டாவது தடம் பாதி, தம்பி வீட்டுக் கதவுக்கு அடியில் போயிருந்தது.

"கதவத் திறடா," என்றார் இன்ஸ்பெக்டர்.

உள்ளே தம்பி அழுதுகொண்டே எண்ணிக்கொண்டிருந்தான்.

"அம்பத்தி நாலு... அம்பத்தி அஞ்சு..."