வீடு மாற்றும் நாடகம்

“மெதுவாப் பேசுங்க. மாமா காதுல விழுந்துடப் போகுது.”

தையல்காரரின் மனைவி அறைக்கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். அவர் பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் அடுக்கினார்.

விஷயம் இதுதான். பெருந்தொற்று ஊரையே உலுக்கிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக்காரர் போன மாதம் ஆம்புலன்சில் போனவர், திரும்பி வரவில்லை. தையல்காரரின் அப்பாவுக்கோ ஏற்கெனவே மூச்சிரைப்பு. ஆனாலும் “தடுப்பூசின்னு என் பக்கத்துல வராதீங்க” என்று ஒற்றைக்காலில் நின்றார். காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். எத்தனையோ பேரைப் பாதி வழியில் இறக்கிவிட்டவர், தன் பிடிவாதத்திலிருந்து மட்டும் இறங்க மாட்டேன் என்றார். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் தையல்காரருக்குத் தூக்கமே போய்விட்டது.

அப்போதுதான் மனைவி இந்த யோசனையைச் சொன்னாள். வீடு மாற்றப் போவதாக ஒரு நாடகம். புது இடத்தில் ஊசி போட்டவர்களைத்தான் உள்ளே விடுவார்கள் என்று ஒரு பொய். மூன்று மாடி ஏறி ஏறி முட்டி தேய்ந்த மனிதர், தரைத்தளம் என்றதும் மசிந்துவிடுவார்.

“நாடகம்தானே? நாலு வெறும் பெட்டி போதாதா?”

“நல்லா இருக்கு! மூட்டையைத் தூக்கிப் பார்த்தே லக்கேஜ் டிக்கெட் கிழிச்ச ஆளு அவரு. வெறும் பெட்டியைக் கண்டுபிடிச்சுட மாட்டாரா? மிக்சியையும் வைங்க. கட்டிலையும் கழட்டிடுங்க.”

“கட்டிலையுமா?”

“செய்யறதைத் திருந்தச் செய்யணும்.”

மூட்டை கட்டுவது என்றாலே தையல்காரருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். ‘வீடு மாத்தலாங்க’ என்று அவள் கேட்டபோதெல்லாம் ‘பார்க்கலாம்’ என்றே காலத்தை ஓட்டியவர். ஆனால் அப்பாவின் உயிர் ஆயிற்றே! வேர்த்து விறுவிறுத்து, சுவரில் ஆணிகூட மிச்சமில்லாமல் கட்டி முடித்தார்.

கண்டக்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்தார்.

“என்னம்மா, வண்டி கிளம்பற மாதிரி இருக்கு?”

“சாயங்காலமே கிளம்பறோம் மாமா. ஆனா ஊசி போடாதவங்களை வாசல்லயே நிறுத்திடுவாங்களாம்.”

அவர் பெட்டிகளைச் சுற்றி வந்தார். ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். நல்ல கனம்.

“சரி, போட்டுக்கறேன்” என்றார் கடைசியில். “ஆனா ஒண்ணு. முதல்ல இவன் போட்டுக்கட்டும். இவனுக்கு ஒண்ணும் ஆகலைன்னா, அப்புறம் நான்.”

தையல்காரர் நாளெல்லாம் ஊசியோடு குடும்பம் நடத்துகிறவர்தான். ஆனால் துணியில் குத்துவது வேறு, தோலில் குத்துவது வேறு. அவருடைய முறை வந்து வெகு நாளாகியும், ‘கடையில வேலை தலைக்கு மேல கிடக்கு’ என்று டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தார்.

“நா... நானா?”

“ஏன்டா, பெத்த அப்பனை மட்டும் முன்னால தள்ளிவிடலாம்னு பார்த்தியா?”

மனைவி குனிந்து பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

பள்ளிக்கூடத்தில்தான் ஊசி போட்டார்கள். ‘அப்பாவுக்காக, அப்பாவுக்காக’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வகுப்பறை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார் தையல்காரர்.

“ஆச்சுங்க, எழுந்திரிங்க” என்றார் நர்ஸ்.

“இன்னும் குத்தவே இல்லையே!”

“குத்தி, பஞ்சும் வச்சாச்சு. அடுத்தவங்களுக்கு வழி விடுங்க.”

இவ்வளவுதானா! இதற்கா இத்தனை நாள் ஓடி ஒளிந்தோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர், “பரவாயில்லை, உசிரோடதான் இருக்கே” என்று சொல்லிவிட்டு, யாரிடமும் வழி கேட்காமல் பக்கத்து அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தோளைத் தேய்த்துக்கொண்டே அவர் வெளியே வந்தபோது, தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இனி அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கிப்போயிற்று.

“வலிச்சுதாப்பா?”

“எறும்பு கடிச்ச மாதிரி.”

வீட்டுக்கு வந்ததும் மனைவியைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். “ரெண்டு பேரும் போட்டாச்சு! உன் நாடகம் சூப்பர் ஹிட். பெட்டியெல்லாம் பிரிச்சுடலாமா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பதில் சொல்வதற்குள் கீழே லாரி ஹாரன் அடித்தது.

தையல்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “அடிப்பாவி, லாரி வரைக்கும் ஏற்பாடு பண்ணிட்டியா? அப்பாதான் போட்டுக்கிட்டாரே, திருப்பி அனுப்பிடு.”

“எதுக்குடா அனுப்பணும்?”

பின்னால் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். அவர் விரலில் புதுச் சாவிக்கொத்து ஒன்று சுழன்றது.

“உன் கடைக்குப் பின்தெரு, தரைத்தளம். நானும் மருமகளும் எப்பவோ பார்த்து முடிச்சாச்சு. தினமும் நாலு பேர் மேல அளவு நாடா வைக்கிறவன் நீ. உன்னை நினைச்சு எங்க ரெண்டு பேருக்கும்தான்டா தூக்கமே இல்லை” என்றவர், தோளில் இருந்த பஞ்சை எடுத்து எறிந்தார். “எனக்கு இன்னிக்கு ரெண்டாவது ஊசி. ம், போலாம்... ரைட்!”