பாரைக்கும் சூரைக்கும் நடுவே ஒரு தரவுத்தளம்

மடிக்கணினியைத் தட்டையாக விரித்து, உள்ளே தெரிகிற இரண்டு சொப்பிங் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, ஸியாம் அதை மெதுவாக ஐஸ் பெட்டிக்குள் இறக்கினான்.

ஒரு பக்கம் பாரை. மறுபக்கம் சூரை.

கூடப் படிக்கிற கம்சாயினி கண்ணை மூடிக்கொண்டாள். கணினி அவளுடையது.

"இதென்ன மருமகன், மீனுக்க கொம்பியூட்டர வெக்காய்?" என்றார் உசனார். ஸியாமின் மாமா. ஏறாவூர்ச் சந்தையில் அந்த மீன்கடை அவருடையது.

"சூடு ஏறினா இது படுத்துரும் மாமா. கொஞ்ச நேரந்தான்."

பல்கலைக்கழகத்தில் படிக்கிற மருமகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உசனார் இரண்டு கையாலும் ஐஸை அள்ளிப் பக்கத்தில் அணை கட்டினார்.

கணினியில் ஓட்டப் போவது, யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்து விடப்பட்ட ஒரு தரவுத்தள மென்பொருள். அதை வேகப்படுத்த மாணவர்களைச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் சேர்ந்திருந்தார்கள். நோர்வேயிலிருந்து இங்கிரிட் என்பவள் வழிநடத்தினாள். மென்பொருளின் முகப்புப் பக்கத்தில் அவள் அளந்த வேகம் ஒன்று போடப்பட்டிருந்தது. அதைத் தாண்டினால் மாணவர் எழுதிய நிரல் உள்ளே போகும், பேரும் போகும்.

கம்சாயினி மாதக்கணக்காக எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். அந்த வேகத்துக்குக் கிட்டவும் போக முடியவில்லை. சூடான கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் கணினி அடுப்புக்கல்லாகக் கொதித்தது. சோதனை பாதி ஓடும்போதே அணைந்தது.

முடிவை அனுப்ப இன்றுதான் கடைசி நாள். ஐஸ் யோசனை ஸியாமுடையது.

அவன் பைக்கு மேலாகவே விசையை அழுத்தினான். சோதனை ஓடத் தொடங்கியது.

மீன் வாங்க வந்த பெண் ஒருத்தி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கறுப்பாக, தட்டையாக, பளபளவென்று கிடந்ததைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"திருக்கை மீனா காக்கா?" என்று உசனாரைக் கேட்டாள்.

"அது வித்துப் போச்சு தங்கச்சி," என்றார் உசனார், கொஞ்சமும் யோசிக்காமல்.

உசனார் வரவழைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் சோதனை முடிந்தது.

கம்சாயினி பையைத் துடைத்துத் துடைத்து இலக்கத்தைப் பார்த்தாள். இங்கிரிட்டின் வேகத்தைத் தாண்டியிருந்தது. மயிரிழைதான், ஆனாலும் தாண்டியிருந்தது.

அவள் போனிலேயே முடிவை நோர்வேக்கு அனுப்பினாள். பிறகு சித்தாண்டிக்கு, அப்பாவுக்குப் பேசினாள். அவர் வயல் வட்டைக்குள் நின்றார். விளங்கியதோ இல்லையோ, பக்கத்து வயற்காரர்களுக்கு அவர் கத்திச் சொன்னது போனில் தெளிவாகக் கேட்டது.

"என்ட மகள் உலகத்துக் கொம்பியூட்டரையெல்லாம் ஓடப் பண்ணிப்போட்டாளாம்!"

இங்கிரிட்டின் பதில் உடனே வந்தது. வாழ்த்துச் சொல்லியிருந்தாள். கீழே ஒரு வரி: உங்கள் மாற்றம் இல்லாத பழைய நிரலையும் இதே நிலைமையில் ஒருதரம் ஓட்டி, அந்த முடிவையும் அனுப்புங்கள்.

ஸியாம் பழைய நிரலை ஓடவிட்டான். உசனார் புது ஐஸ் போட்டார்.

இலக்கம் வந்தது. இருவரும் பையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். திரும்பவும் ஓட்டினார்கள். திரும்பவும் அதே இலக்கம்.

பழைய நிரலும் அதே வேகம்.

கம்சாயினி எழுதியது எதையும் வேகப்படுத்தவில்லை, கெடுக்கவும் இல்லை. இத்தனை மாதமும் அது அங்கே சும்மா இருந்திருக்கிறது. ஓடப் பண்ணியது ஐஸ்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அப்பாவின் குரல் மட்டும் காதுக்குள் கிடந்து கத்தியது.

"ஐஸ்ஸ அவள் கண்டாளா?" என்றான் ஸியாம் தாழ்ந்த குரலில். "பழையத வெயிலுக்க ஓட்டின கணக்கு இரிக்கிதானே. அத அனுப்பு. மறுகா பாப்பம்."

உசனார் தராசைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றார். ஆனால் அவருடைய கை அசையவில்லை.

கம்சாயினி போனை எடுத்தாள். எல்லாவற்றையும் எழுதினாள். சூடு, சந்தை, பெட்டி, ஐஸ், பாரை, சூரை. சூரைக்கு ஆங்கிலத்தில் என்னவென்று தெரியாமல் தேடிப் பார்த்து எழுதினாள். தன்னுடைய நிரலால் ஒரு பயனும் இல்லை என்பதைக் கடைசியில் எழுதினாள். அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஸியாம் கணினியை வெளியே எடுத்து, பையை அவிழ்த்து, தன் சட்டையாலேயே துடைத்துக்கொண்டிருந்தான்.

முந்திய பதில் உடனே வந்தது. இது வரவில்லை. அதற்குள் சூரை முழுவதும் விற்றுத் தீர்ந்தது. உசனார் பெட்டியிலிருந்த தண்ணீரை வடிகாலில் ஊற்றினார்.

போன் முனகியது.

கம்சாயினி முதலில் தனக்குள் வாசித்தாள். பிறகு ஸியாமுக்கும் கேட்கும்படி, தமிழாக்கி, மெதுவாக வாசித்தாள்.

"அன்புள்ள கம்சாயினி, முகப்புப் பக்கத்திலிருந்து என் வேகத்தை இப்போதுதான் நீக்கினேன். பல நாட்டு மாணவர்கள் வருடக்கணக்காக அதைத் துரத்திக் களைத்துப் போனார்கள். எந்த நிலைமையில் அளந்தாய் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அளந்தது ஜனவரியில். என் கணினியும் சூடேறி அணைந்துகொண்டே இருந்தது. அதனால் ஜன்னலுக்கு வெளியே, பனிக்குள் புதைத்து வைத்துத்தான் ஓடவிட்டேன்."