விலாவில் ஒரு வட்டம்

பஞ்சர் கடைக்காரர் கார் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி மெல்லச் சுற்றுகிறார். மூன்று பழைய ஒட்டுகளையும் தாண்டி, டயரின் விலாவில் குமிழ் குமிழாகக் காற்று கிளம்புகிறது. அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுகிறார். "பக்கவாட்டுல ஓட்டை விழுந்தா ஒட்டு நிக்காதும்மா. புதுசு மாத்திடுங்க." என் கணவர் போனிலிருந்து தலையே தூக்கவில்லை. "பிள்ளையை ஸ்கூல்ல விடுற வண்டிதானே? ஒட்டுங்க, பாத்துக்கலாம்." மூன்று ஒட்டுக்கும் இதே 'பாத்துக்கலாம்'தான், கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கடைக்காரர் பசை டப்பாவைத் தொடாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். நான் காரின் பின்கதவை வெடுக்கென்று திறக்கிறேன். டயர் கழற்றிய இடத்துக்கு நேர் மேலே மகளின் குட்டி இருக்கை. பெல்ட்டை அவிழ்த்து அதைத் தூக்கித் தரையில் வைக்கிறேன். "சரி, ஒட்டட்டும். நாளைக்கு இந்த இடத்துல நீங்க உக்காருங்க, நான் ஓட்டுறேன்." அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, முதல்முறையாகக் குனிந்து அந்த வட்டத்தைப் பார்க்கிறார்.