பாதி ஸ்பாஞ்ச்

ஐந்தாவது மீனும் செத்து மேலே வந்துவிட்டது.

அவர் அதை வலையால் எடுத்தார்.

தொட்டியில் இன்னும் இரண்டு இருந்தன. அதில் ஒன்று, வால் கிழிந்த தங்கமீன். சுகந்திக்கு அதன் மேல்தான் பிரியம் அதிகம். அது நீர்மட்டத்தில் வாயை வைத்துக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

ஃபில்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

காலையிலிருந்து மூன்று முறை கழற்றிப் பார்த்துவிட்டார். மோட்டாரின் குட்டி விசிறி நன்றாகச் சுற்றியது. குழாயில் அடைப்பு இல்லை. உள்ளே இருந்த ஸ்பாஞ்ச், கடையில் வாங்கிய அன்று போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

அதுதான் கோளாறு என்று அவருக்குத் தெரியாது.

சுகந்தி இறந்து அன்றோடு இருபத்திரண்டு நாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் வீட்டைக் கழுவினார்கள். அவருடைய அக்கா முன்னின்று நடத்தினாள். தரை, திரைச்சீலை, பாய், பாத்திரம், எதையும் விட்டுவைக்கவில்லை. ஆளுக்கொரு வேலை. அவரிடம் மட்டும் யாரும் எதையும் சொல்லவில்லை. மனைவியைப் பறிகொடுத்தவரிடம் எந்த வேலையைச் சொல்வது.

அவரால் சும்மா உட்கார முடியவில்லை.

"ஒரு நாளாவது இந்த ஃபில்டரைக் கழட்டிக் குடுங்களேன். எனக்குக் கை வலிக்குது."

சுகந்தி எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறாள். பார்க்கலாம் என்பார். செய்தித்தாளைப் புரட்டுவார். காபி குடித்த டம்ளரைக்கூடக் கழுவி அறியாத மனிதர்.

அன்று கழற்றினார்.

ஸ்பாஞ்சைப் பார்த்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது. பிழிந்தால் சேறு. பாவம், உடம்புக்கு முடியாமல்தான் இப்படி விட்டிருக்கிறாள் என்று நினைத்தார். குழாயடியில் உட்கார்ந்து சோப்புத்தூள் போட்டுக் கசக்கினார். தண்ணீர் தெளிந்து வரும்வரை விடவில்லை. அரை மணி நேரம் ஆனது. வெயிலில் வேறு காயவைத்தார். அக்கா பார்த்துவிட்டு, நல்லா வெளுத்துடுச்சே என்றாள்.

மனைவிக்காக அவர் செய்த வேலைகளில், முழுமனதாகச் செய்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் தொட்டித் தண்ணீர் பாலாய்க் கலங்கியது. நான்காம் நாள் முதல் மீன்.

ஐந்தாவது மீனைச் செடித்தொட்டியில் புதைத்துவிட்டு, மீன் கடைக்குப் போனார்.

கடைக்காரர் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார். ஸ்பாஞ்சை எதில் கழுவினீர்கள் என்று கேட்டார்.

அந்தப் பழுப்பு, அழுக்கே இல்லையாம். கண்ணுக்குத் தெரியாத உயிர்களாம். மீனின் கழிவை அவைதான் தின்று தீர்க்குமாம். தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அமுக்கி எடுத்தால் போதுமாம். குழாய்த் தண்ணீர் பட்டாலே அவை செத்துவிடுமாம். இவர் சோப்புத்தூளே போட்டிருக்கிறார்.

அவை மறுபடி உண்டாக வாரக்கணக்காகும், மீன்கள் அதுவரை தாங்காது என்றார் கடைக்காரர். நன்றாக ஓடுகிற தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கிடைத்தால் பிழைக்க வழியுண்டு. கடைத் தொட்டிகளில் மருந்து போட்டிருந்தார். அதனால் தர முடியாது.

கடை வாசலில் அவர் வெகுநேரம் செருப்பைத் தேடினார்.

செருப்பு காலில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் அழவில்லை. சுடுகாட்டில் அழவில்லை. வீட்டு மாடிப்படியில் கால் வைத்ததும் அழுகை வந்தது. அவள் உயிரோடு விட்டுப்போன ஒன்றை, என் கையாலேயே தேய்த்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டேனே என்று வந்தது. முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

கீழ்வீட்டு ஜன்னலுக்குள் சலசலவென்று தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

இரண்டு வருஷமாகக் கேட்கிற சத்தம்தான். என்னவென்று ஒருநாளும் அவர் விசாரித்ததில்லை.

கீழ்வீட்டுப் பர்வீன் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால், அலமாரி மேல் சின்னதாக ஒரு மீன்தொட்டி. அவர் சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே விட்டுவிட்டு, அந்தத் தொட்டியைக் கைகாட்டினார்.

அவளுக்குப் பாதியே போதுமாக இருந்தது. ஃபில்டரை நிறுத்தி ஸ்பாஞ்சை வெளியே எடுத்தாள். பழுப்பாக, கொழகொழவென்று.

"இதுவே சுகந்தி அக்கா குடுத்ததுதான் அண்ணே. எங்க மீனெல்லாம் வாங்கி வாங்கிச் செத்துச்சு. அவங்க ஸ்பாஞ்சுல பாதி வெட்டிக் குடுத்தாங்க. குழாயில கழுவிடாத பர்வீன்னு, பாக்கும்போதெல்லாம் சொல்வாங்க."

அவள் கத்தரிக்கோலை எடுத்துச் சரிபாதியாக வெட்டினாள். ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் மொண்டு, அதில் போட்டுக் கொடுத்தாள்.

அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியேறினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

வெள்ளை ஸ்பாஞ்சுக்குப் பக்கத்தில் அதைச் செருகிச் சுவிட்சைப் போட்டார். தொட்டிக்குள் பழுப்பாகக் கொஞ்சம் பரவி அடங்கியது.

மறுநாள் காலை ஆறாவது மீன் போனது.

அவர் தொட்டி முன்னாலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

நான்காம் நாள், வால் கிழிந்த மீன் நீர்மட்டத்தை விட்டுக் கீழே இறங்கியது. அடியில் கிடந்த கூழாங்கல்லை ஒருமுறை கொத்திப் பார்த்தது. மறுபடியும் கொத்தியது.

போன் அடித்தது. அக்காதான். சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு கேட்டாள்:

"வீட்டை நாங்க கழுவிவிட்ட மாதிரியே சுத்தமா வெச்சிருக்கியாடா?"

அவர் தொட்டியைப் பார்த்தார்.

"இல்லக்கா. கொஞ்சம் அழுக்கு இருக்கு."

"ஆள் அனுப்பவா?"

"வேண்டாம்," என்றார். "இருக்கட்டும்."