டமால் மாமா

“ஆக்டோபஸுக்கு இதயம் மூணு, ரத்தம் நீலம்” என்று ஆரம்பிக்கும்போதே டமால் மாமாவின் கண் மூன்றாவது வரிசைக்குப் போனது. அந்த அம்மா இன்றைக்கும் வந்திருந்தார். மடியில் கைப்பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மேடையைவிட்டுப் பார்வையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

தலைமை அலுவலகத்து ஆள்தான், சந்தேகமே இல்லை.

அறிவியல் காட்சிக்கூடத்தில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. கோளரங்கத்தில் பேசுகிறவரைப் போன மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காந்த அறைக்காரரை அதற்கும் முன்பே. மிச்சம் இருக்கிற ஒரே வாய் இவருடையது.

“சொல்லாமக் கொள்ளாம ஒருத்தர் வந்து பார்ப்பாங்க. அவங்க தலையாட்டினா நீங்க இருப்பீங்க” என்று மேனேஜர் சொல்லி, ஏதோ நல்ல சேதி சொன்னவர் மாதிரி தோளில் வேறு தட்டிவிட்டுப் போனார். வாயைத் தவிர வேறு முதல் இல்லாத மனிதர் டமால் மாமா. இந்த வயதில் இந்த மேடையும் போனால் அவரை யார் சீந்துவார்கள்? மனைவியிடம் இன்னும் மூச்சு விடவில்லை.

சந்தேகத்தை உறுதிப்படுத்தியவள் டிக்கெட் கொடுக்கிற பெண்.

“அந்த அம்மா வாரா வாரம் ரெண்டு டிக்கெட் வாங்குது அண்ணே. ஒண்ணு பெரியவங்க டிக்கெட், ஒண்ணு பிள்ளைங்க டிக்கெட். ஆனா உள்ள போறது தனியாத்தான்.”

“நீ சரியா கிழிக்கிறியான்னு உன்னையும் சேர்த்து சோதிக்கிறாங்கம்மா. ஜாக்கிரதையா இரு.”

அன்றிலிருந்து அவள் அந்த அம்மாவைக் கண்டால் எழுந்து நின்றே டிக்கெட் கொடுக்கிறாள்.

“பொருள் உடையாம இருக்க, சுத்தி அனுப்புவாங்களே குமிழி பிளாஸ்டிக், பட்டு பட்டுன்னு உடைச்சு விளையாடுவீங்களே? அதை முதல்ல எதுக்குச் செஞ்சாங்க தெரியுமா? சுவத்துல ஒட்ட. ஒருத்தரும் சீண்டலை.” பிள்ளைகள் சிரித்தார்கள். வாம்பேட் என்றொரு பிராணி கட்டம் கட்டமாகக் கக்கா போகும் என்றதும், கூட வந்த அப்பா அம்மாக்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

மூன்றாவது வரிசை அம்மாவிடம் ஒரு சிரிப்பும் இல்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். டமால் மாமா ஆடியும் பார்த்துவிட்டார், பாடியும் பார்த்துவிட்டார். அந்த முகம் மட்டும் இளகுவதாக இல்லை.

கடைசியாக, அவருக்குப் பெயர் வாங்கித் தந்த வித்தை. இடுக்கியால் ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்தார். அதிலிருந்து புகை வழிந்தது.

“டிரை ஐஸ்னு பேரு. பார்த்தா ஐஸ். ஆனா ஒரு சொட்டு தண்ணி விடாது. அப்படியே காத்தாப் போயிடும். ஐஸ்கிரீம் பார்சல் வாங்கினா டப்பாவோட உங்க வீட்டுக்கே வரும் இது.”

கட்டியைப் பாட்டிலுக்குள் போட்டு, அதன் வாயில் ஒரு தக்கையை லேசாக வைத்தார். முன்பெல்லாம் இந்த இடத்தில் நிறுத்தி, இதை யார் கண்டுபிடித்தார்கள், தக்கையை ஏன் சும்மா வைக்கிறோம், திருகு மூடி ஏன் ஆகாது, வீட்டில் ஏன் செய்யக் கூடாது என்று நீட்டி முழக்குவார். “ஆகாது, கூடாதுன்னா கூட்டம் கொட்டாவி விடுது சார்” என்று மேனேஜர் சொன்னதிலிருந்து, விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன்பே அத்தனையையும் வெட்டிவிட்டார். அதற்கப்புறம்தான் கைதட்டல் கூடியது. அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

“எண்ணுங்க பார்ப்போம்” என்றார். பிள்ளைகள் எண்ணி முடிப்பதற்குள் தக்கை டமாலென்று கூரைக்குப் பறந்தது.

கூடமே அதிர்ந்தது. அந்த அம்மாவுக்கு உடம்பு தூக்கிப் போட்டதை டமால் மாமா பார்த்தார். இத்தனை வாரத்தில் முதல் அசைவு. அப்பாடா, கல்லும் கரைந்தது என்று அவருக்கு உயிர் வந்தது.

கூட்டம் கலைந்த பிறகும் அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. டமால் மாமா கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, இருக்கிற பல்லையெல்லாம் காட்டியபடி மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

“எப்படி மேடம் இருந்துச்சு? ஏதாவது குறை இருந்தா தயங்காம சொல்லுங்க, திருத்திக்கிறேன்.”

அந்த அம்மாவின் பார்வை இன்னும் மேடைமேல் நின்ற பாட்டிலிலேயே இருந்தது.

“சத்தம் பத்தலைன்னு நினைக்கிறீங்களா? ஆபீஸ்ல அனுமதி கொடுத்தா இதைவிடப் பெரிசாவே செஞ்சு காட்டலாம் மேடம்.”

“நான் எந்த ஆபீஸும் இல்லை சார்.” குரல் மிகவும் மெதுவாக வந்தது. அதில் கோபம்கூட இல்லை. “இன்னிக்காவது மூடியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுவீங்களான்னு பார்க்கத்தான் வாரா வாரம் வர்றேன்.”

டமால் மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.

“எந்த மூடி மேடம்?”

அந்த அம்மா அப்போதுதான் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

“இங்க பார்த்துட்டுப் போய், என் பொண்ணு வீட்டுல இறுக்கித் திருகிட்டா சார்.”